மூன்றாவது வாக்கியத்தின் நாற்காலி

அந்தத் தேர்வு அலுவலகத்தில் ஒரு மேசைக்கு வாய்ப்பூட்டு மேசை என்று பெயர். மேசைக்கு எதற்கு வாய்ப்பூட்டு என்று கேட்கலாம். பூட்டு மேசைக்கு இல்லை, கேள்வி எழுதியவருக்கு.

புதிதாக ஒரு கேள்வி எழுதப்பட்டால் அதை அப்படியே தேர்வுத்தாளில் ஏற்றிவிட மாட்டார்கள். அலுவலகத்தைச் சேர்ந்த ஐந்து பேர் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்து, நிஜத் தேர்வு எழுதுகிறவர்களைப் போலவே விடை குறிப்பார்கள். எழுதியவர் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். "இல்ல, நான் என்ன சொல்ல வந்தேன்னா..." என்று வாயைத் திறந்தால் போச்சு. கேள்வி தள்ளுபடி. காரணம் நியாயமானதுதான். தேர்வு நாளன்று ஒவ்வொரு கூடமாகப் போய், ஒவ்வொருவர் காதிலும் விளக்கம் சொல்ல எழுதியவரால் முடியாது. தாளில் இருப்பது மட்டும்தான் கேள்வி. எழுதியவர் மனதில் இருப்பது அவருடைய சொந்த விஷயம்.

இன்னொரு விதியும் உண்டு. அந்த மேசையில் வெளியாள் யாரும் உட்காரக் கூடாது. கேள்வி கசிந்துவிடுமே! ஆகவே வருஷக்கணக்காக அதே ஆட்கள்தான் உட்கார்ந்தார்கள். ஒருவர் இருமினால் அது சளியா சலிப்பா என்று மற்ற நாலு பேருக்கும் தெரியும்.

அலுவலகத்தில் மொழிக் கேள்விகள் எழுதியவளை வீட்டில் கேள்விக்காரி என்று கூப்பிட்டார்கள். நாத்தனார் வைத்த பெயர், நிலைத்துவிட்டது. கேள்விக்காரி அந்த வேலைக்கு நேராக வந்துவிடவில்லை. முதல் நாலு வருஷம் கட்டடத்தின் அடித்தளத்தில், மெய்ப்புப் பிரிவில், அச்சுக்குப் போகும் தாள்களில் கால் விட்டுப்போன எழுத்துகளுக்குக் கால் போட்டுக்கொண்டிருந்தாள். அங்கே ஜன்னல் கிடையாது. மழை பெய்கிறதா என்பதை, வருகிறவர்கள் தலையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கிருந்து படிப்படியாக மாடிக்கு வந்து, ஜன்னலோரம் ஒரு மேசை வாங்கியிருந்தாள். அந்த ஜன்னல் வழியாகத் தெரிவது எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டிதான். இருந்தாலும் அது அவளுடைய தொட்டி.

அந்த ஜன்னலுக்குத்தான் இப்போது ஆபத்து.

எல்லாம் ஒரே ஒரு கேள்வியால். எழுத்தர் வேலைக்கான தேர்வில் அவள் எழுதிய கேள்வி அது. நாலு வாக்கியங்கள் கொடுத்து, 'அவர், அவள் போன்ற சுட்டுப்பெயர் யாரைக் குறிக்கிறது என்பது தெளிவாக இல்லாத வாக்கியம் எது?' என்று கேட்டிருந்தாள். வாக்கியங்கள் இவை:

ஒன்று: அக்கா தங்கையோடு பேசிக்கொண்டிருந்தபோது அவளுடைய கைப்பை தொலைந்துபோயிற்று.

இரண்டு: கடைக்காரர் தம்பிக்குத் தன் மிதிவண்டியைக் கொடுத்தார்.

மூன்று: மேலாளர் எழுத்தரைக் கூப்பிட்டார், அவருடைய நாற்காலி உடைந்துபோயிருந்தது.

நாலு: ஆசிரியர் மாணவியைக் கூப்பிட்டார், அவள் எழுந்து நின்றாள்.

இப்படி ஒரு கேள்வியைக் கட்டுவது வீடு கட்டுவதற்குச் சமம். சரியான விடை ஒன்றுதான் இருக்க வேண்டும். மற்ற மூன்றும், பார்த்தால் விடை போலத் தெரிய வேண்டும். யோசித்தால் விடை இல்லை என்று தெரிய வேண்டும். முதல் வாக்கியத்தில் கைப்பை அக்காவுடையதா தங்கையுடையதா என்று சத்தியம் செய்தாலும் சொல்ல முடியாது. அதுதான் விடை. இரண்டாவதில் 'தன்' இருக்கிறது. தமிழில் 'தன்' ரொம்ப விசுவாசமான சொல், எழுவாயை விட்டு எங்கும் போகாது. மிதிவண்டி கடைக்காரருடையது. நாலாவதில் மரியாதையே காவல் நிற்கிறது: ஆசிரியர் 'அவர்', மாணவி 'அவள்', குழப்பத்துக்கு இடமே இல்லை.

மூன்றாவது வாக்கியத்தைப் பற்றி அவளுக்குத் தனிப் பெருமை. பார்க்க ஆபத்தாக இருக்கும், ஆனால் பொருள் பளிங்கு மாதிரி. நாற்காலி மேலாளருடையது. அது ஒருவருக்குப் புரியாமல் போகுமா என்ன?

வாய்ப்பூட்டு மேசையில் ஐந்து பேரும் ஒன்றாவது வாக்கியத்தையே விடையாகக் குறித்தார்கள். மூன்றாவதைப் படித்தபோது இரண்டு பேர் இருமினார்கள். அது சளி இல்லை, சிரிப்பு. கேள்வி தேறிவிட்டது.

தேர்வு முடிந்து விடைகளை வெளியிட்டதும் ஆட்சேபங்கள் வந்து குவிந்தன. 'மூன்றாவது வாக்கியமும் தெளிவாக இல்லையே!' என்று ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள். ஆட்சேபம் வராத கேள்வியே கிடையாது, அதனால் கேள்விக்காரி முதலில் அலட்டிக்கொள்ளவில்லை. புள்ளிவிவரக்காரர் வந்து அவள் மேசையருகே நின்ற பிறகுதான் பேனாவைக் கீழே வைத்தாள். அலுவலகத்தில் அவருக்குச் சராசரி என்று பெயர். உயரம், எடை, சம்பளம் எல்லாமே நடுவில்.

"ஏம்மா, உன் கேள்வி ஒரு மாதிரி நடந்துக்குது" என்றார் சராசரி.

"என்ன சார் பண்ணுது?"

"நல்லாப் படிச்சவங்களைத் தள்ளிவிடுது. சுமாராப் படிச்சவங்களைக் கைபிடிச்சுத் தூக்கிவிடுது."

அவர் சொன்னதன் பொருள் இது. தேர்வு முடிந்ததும் மொத்த மதிப்பெண்ணை வைத்து மேல் வரிசைக்காரர்கள், கீழ் வரிசைக்காரர்கள் என்று பிரித்துக்கொள்வார்கள். நல்ல கேள்வி என்றால் மேல் வரிசையில் அதிகம் பேர் சரியாகச் செய்திருப்பார்கள். இந்தக் கேள்வியில் கீழ் வரிசை முக்கால்வாசியும் ஒன்றாவதைக் குறித்துவிட்டுப் போயிருந்தது. அக்கா தங்கை வாக்கியம் எல்லா வழிகாட்டிப் புத்தகத்திலும் இருக்கிற பழகிய முகம். மேல் வரிசையோ ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவில் பாதிக்குப் பாதியாகப் பிளந்து கிடந்தது. நீச்சல் தெரிந்தவன் மூழ்கி, தெரியாதவன் கரை சேர்ந்தால், கோளாறு ஆளிடம் இல்லை, தண்ணீரில்.

"மூணாவதுல என்ன சார் சந்தேகம்? நீங்களே சொல்லுங்க, நாற்காலி யாரோடது?"

சராசரி குரலைத் தாழ்த்தி, மூலையில் இருந்த மூடிய கதவைக் கண்ணால் காட்டினார். "மேலாளரோடதுதான். எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனா எண்ணுக்கு இருக்கே!"

விதி இதுதான்: ஒருவருடைய கேள்வியைத் தேர்வுக்குப் பிறகு திரும்பப் பெற நேர்ந்தால், அவர் ஒரு வருஷம் கேள்வி எழுதக் கூடாது. கேள்விக்காரி விஷயத்தில் அதற்கு அர்த்தம் அடித்தளம், மெய்ப்புப் பிரிவு, ஜன்னல் இல்லாத சுவர். மறுநாள் ஆட்சேபக் குழு கூடுகிறது.

அன்று மாலைக்குள் அவள் அலுவலகத்தில் எல்லாரிடமும் அந்த வாக்கியத்தைப் படித்துக் காட்டினாள். மொழிப் பிரிவின் மூத்தவர், அகராதி அக்கா, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு படித்தார்.

"மேலாளர் நாற்காலி. ஆட்சேபம் எழுதினவங்களுக்கு வேற வேலை இல்லை. நீ நிம்மதியாப் போய்த் தூங்கும்மா."

குழுவில் இருப்பவர்கள் மூன்றே பேர்: சராசரி, அகராதி அக்கா, அப்புறம் அந்த மூடிய கதவுக்குப் பின்னால் இருந்த மேலாளர். இரண்டு பேர் அவள் பக்கம். மேலாளர் ஆட்சேபம் எதையும் ஏற்றதாகச் சரித்திரம் இல்லை. ஜன்னல் தப்பித்த மாதிரிதான்.

அன்று சாப்பிடும்போது அவள் அந்த வாக்கியத்தை எடுத்தது சும்மா பெருமைக்குத்தான். தேர்வு முடிந்துவிட்டது, கேள்வி ஊரறிந்தது, இனி வீட்டில் சொல்லலாம். கணவன் பேருந்து ஓட்டுநர். நாத்தனார் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், அண்ணன் வீட்டில் சில நாள் தங்க வந்திருந்தாள்.

"ஏங்க, ஒண்ணு சொல்றேன் கேளுங்க. மேலாளர் எழுத்தரைக் கூப்பிட்டார். அவருடைய நாற்காலி உடைந்துபோயிருந்தது. நாற்காலி யாரோடது?"

"எழுத்தரோடது" என்றான் கணவன், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

கேள்விக்காரியின் கை பாதியில் நின்றது. "எப்படிச் சொல்றீங்க?"

"இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு? எங்க பணிமனையில மேலாளர் ஒருத்தனைக் கூப்பிட்டார்னா அவன் வண்டியில என்னமோ உடைஞ்சிருக்குன்னு அர்த்தம். 'கண்ணாடி எப்படிய்யா உடைஞ்சுது?'ன்னு கேட்கத்தான் கூப்பிடுவாரு. இங்க நாற்காலி. எழுத்தர் மாட்டிக்கிட்டாரு, பாவம்."

"அண்ணே, உனக்கு எப்பவும் திட்டு வாங்குற புத்திதான்" என்றாள் நாத்தனார். "அது மேலாளரோட நாற்காலி. எங்க முதலாளிக்குப் பேனா கீழ விழுந்தாக்கூட என்னைத்தான் கூப்பிடுவாரு. தன் சாமான் உடைஞ்சாத்தான் பெரிய மனுஷங்களுக்கு அடுத்தவங்க ஞாபகம் வரும்."

"உன் கடையையும் அலுவலகத்தையும் ஒண்ணாக்காதே."

"நீ மட்டும் பஸ்ஸை ஒண்ணாக்கலாமா?"

"நான் நடந்ததைச் சொல்றேன்!"

"எங்க நடந்தது? எழுத்தரை நீ பார்த்தியா?"

அண்ணனும் தங்கையும் முகம் தெரியாத ஒரு நாற்காலிக்காக மல்லுக்கட்டியதில் சாப்பாடு ஆறிப்போனது. பேச்சு நாற்காலியிலிருந்து நழுவி, சின்ன வயசில் யாரோ உடைத்த ஒரு மிதிவண்டிக்குப் போய், அதை உடைத்தது யார் என்ற பழைய வழக்காக மாறியது. கேள்விக்காரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாக்கியத்தில் இருந்தது ஒரு மேலாளர், ஓர் எழுத்தர், ஒரு நாற்காலி. அவ்வளவுதான். கணவன் தன் பணிமனையைக் கொண்டுவந்து அதில் வைத்தான். நாத்தனார் தன் மருந்துக்கடையைக் கொண்டுவந்தாள். அப்படியானால் அலுவலகம் எதைக் கொண்டுவந்து வைத்தது?

மேலாளரின் நாற்காலியைத்தான்.

அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சுழல் நாற்காலிக்கு அடியில் ஒரு குழாய் உண்டு. குழாய்க்குள் மேலே ஓர் அறை, கீழே ஓர் அறை, இரண்டிலும் அழுத்தி அடைத்த வாயு, நடுவில் ஒரு ரப்பர் வளையம். ஆளைத் தாங்குவது வாயு. வாயுவை இடம் மாறாமல் பிடித்துவைப்பது வளையம். வளையம் தேய்ந்தால் வாயு ஓர் அறையிலிருந்து மற்றதற்கு நைசாக நழுவும். உட்கார்ந்திருப்பவர் மெல்ல மெல்ல இறங்குவார். எழுந்து பக்கத்துப் பிடியை இழுத்தால் நாற்காலி ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி மேலே வந்துவிடும். உட்கார்ந்தால் மறுபடி இறங்கும்.

மேலாளர் ஒவ்வொரு கூட்டத்தையும் மலை உச்சியில் ஆரம்பித்து அடிவாரத்தில் முடிப்பார். கடைசியில் மேசைக்கு மேல் அவர் முகம் மட்டும் தெரியும். அவர் காதுபட அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அலுவலகமே அதை வைத்துத்தான் நடந்தது. விடுப்பு கேட்கப் போகிறவர்கள், 'இறங்கிட்டாரா?' என்று விசாரித்துவிட்டு, அவர் தாழ்வான நிலைக்கு வந்த பிறகுதான் உள்ளே போவார்கள்.

புது நாற்காலியும் வாங்க முடியாது. சாமான் உடைந்தால் மட்டுமே மாற்று என்று சிக்கன உத்தரவு போட்டவர் மேலாளரேதான். கிடங்குக்காரர் வந்து பார்த்துவிட்டு, "அஞ்சு காலும் இருக்கு, முதுகு இருக்கு, சுத்துது. உடைஞ்சதுன்னா துண்டா வரணும் சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒருநாள் நாற்காலி ஒரேயடியாக இறங்கி, மேலாளருக்குத் தொலைபேசி எட்டாமல் போய், "யாராவது வாங்களேன்" என்று குரல் கொடுத்தார். ஓடிப்போய்த் தொலைபேசியை எடுத்துக் கொடுத்தவள் கேள்விக்காரி. திரும்பி வந்து உட்கார்ந்ததும் எழுதியதுதான் அந்த மூன்றாவது வாக்கியம். எழுதும்போது அதெல்லாம் நினைவில் இருந்ததாகக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. பளிங்கு மாதிரி இருந்தது, எழுதினாள். ஐந்து பேரும் அதே பளிங்கு வழியாகத்தான் பார்த்தார்கள்.

"சரி, யார் சொன்னது சரி? அதைச் சொல்லு" என்றான் கணவன்.

"ரெண்டு பேரும்."

"அப்போ கேள்வி தப்பு. எவன் எழுதினான் அதை?"

"நான்தான்."

கணவன் ஊற்றிக்கொண்டிருந்த மோர் தட்டைத் தாண்டி வழிந்தது.

"அண்ணி, நான் சொன்னதை மறந்துடுங்க" என்றாள் நாத்தனார். "நாளைக்கு வாயே திறக்காதீங்க. உங்க ஆபீசுல ஒருத்தருக்கும் தெரியலைன்னா அது தப்பே இல்லை."

"கீழ்த்தளம் போனா உனக்கு மறுபடி கண் எரிச்சல் வந்துடும்" என்றான் கணவன். அப்புறம் கொஞ்சம் யோசித்தான். "ஆனா ஒண்ணு. மூணாவதும் சரியில்லைன்னு குறிச்சவங்க எல்லாம் முட்டாளா?"

கேள்விக்காரி யோசித்துப் பார்த்தாள். அண்ணனும் தங்கையும் ஒரே மண்டைக்குள் உட்கார்ந்து சண்டை போட்டால் எப்படி இருக்கும்? அந்த மண்டைக்காரர்தான் மூன்றாவதைக் குறித்தவர். இரண்டு பக்கமும் பார்க்கத் தெரிந்ததற்காக அவருக்குச் சுழியம்.

மறுநாள் குழு மேலாளர் அறையில் கூடியது, கேள்வி எழுதியவள் என்பதால் கேள்விக்காரியையும் கூப்பிட்டிருந்தார்கள். மேலாளர் பிடியை இழுத்து உச்சியில் அமர்ந்திருந்தார்.

"இது பெரிய விஷயமே இல்லை. வாக்கியம் தெளிவா இருக்கு. ஆட்சேபம் நிராகரிப்பு. சரிதானே?"

"சரிதான்" என்றார் அகராதி அக்கா.

"என் எண்ணு ஒத்துவரலை சார்" என்றார் சராசரி. "ஆனா வாக்கியத்துல எனக்கும் தப்பு தெரியலை."

"அப்போ முடிஞ்சுது."

"சார்" என்றாள் கேள்விக்காரி. "வாக்கியம் தெளிவா இல்லை."

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்பவரை அந்த அலுவலகம் அதுவரை பார்த்ததில்லை.

"உன் கேள்விம்மா இது" என்று நினைவுபடுத்தினார் அகராதி அக்கா.

"ஆமாக்கா. நாற்காலி யாரோடது?"

"மேலாளரோடது."

"எப்படித் தெரியும்?"

அகராதி அக்கா வாயைத் திறந்தார், பிறகு மேலாளர் இருந்த திசையைத் தவிர்த்து மற்ற எல்லாத் திசையிலும் பார்த்தார்.

"சார், நீங்க சொல்லுங்க" என்று சராசரியிடம் திரும்பினாள். சராசரி கையிலிருந்த தாளைத் தலைகீழாகப் படிக்க ஆரம்பித்தார்.

"என்ன ரெண்டு பேரும்?" என்றார் மேலாளர். இதற்குள் அவர் மலையில் பாதி இறங்கியிருந்தார். "சொல்லுங்களேன். மேலாளரோட நாற்காலிதான்னு எப்படித் தெரியும்? வாக்கியத்துல எந்தச் சொல் அதைச் சொல்லுது?"

"எந்தச் சொல்லும் சொல்லலை சார்" என்றாள் கேள்விக்காரி. "எங்க வீட்டுக்காரரு எழுத்தரோடதுங்கிறாரு. நாத்தனார் மேலாளரோடதுங்கிறா. ராத்திரி வீட்டுல பெரிய ரகளை. ஆனா இந்தக் கட்டடத்துல மட்டும் ஒருத்தருக்கும் சந்தேகம் வரலை. வாய்ப்பூட்டு மேசையில அஞ்சு பேரும் ஒரே மாதிரி குறிச்சாங்க."

"அதான் ஏன்?"

அவள் ஜன்னலை நினைத்தாள், எதிர்க் கட்டடத் தண்ணீர்த் தொட்டியை நினைத்தாள். பிறகு சொன்னாள்:

"சார், நாம பேச ஆரம்பிச்சப்போ உங்க சட்டையோட மூணாவது பொத்தான் எனக்குத் தெரிஞ்சுது."

மேலாளர் குனிந்து பார்த்தார். மேசை விளிம்புக்கு மேலே கழுத்துப்பட்டிதான் மிச்சம் இருந்தது. அறையில் கேட்டதெல்லாம் 'ஸ்ஸ்' என்ற மெல்லிய சத்தம்தான். மேலாளர் இன்னும் ஒரு விரற்கடை இறங்கினார்.

"எல்லாருக்கும் தெரியுமா?" என்றார்.

"தெரியும் சார்" என்றார் அகராதி அக்கா.

"எவ்வளவு நாளா?"

"விடுப்பெல்லாம் அப்படித்தான் சார் வாங்குறோம்."

மேலாளர் கேள்வித்தாளைக் கையில் எடுத்தார். எழுந்து பிடியை இழுக்கவில்லை, இருந்த உயரத்திலேயே இருந்து மூன்றாவது வாக்கியத்தை மறுபடி படித்தார். பிறகு மறுபடியும். அடுத்தவருடைய நாற்காலியாக அதை நினைத்துப் பார்க்க ரொம்பச் சிரமப்படுகிறார் என்று முகத்தில் தெரிந்தது.

"எழுத்தரோடதாவும் இருக்கலாம்தான்" என்றார் கடைசியில். "ஒன்றுக்கும் மதிப்பெண், மூன்றுக்கும் மதிப்பெண். கேள்வியைத் திரும்பப் பெறுறோம், இனிமே எந்தத் தாள்லயும் வராது." அப்புறம் கேள்விக்காரியைப் பார்த்தார். "விதி உனக்குத் தெரியும்."

"தெரியும் சார்."

"காரணம்னு ஒண்ணு எழுதணுமே" என்றார் சராசரி. "நிராகரிச்சா வேண்டாம். ஏத்துக்கிட்டா கட்டாயம் எழுதணும்."

"நடந்ததை எழுது" என்றார் மேலாளர். "மேலாளரின் நாற்காலி உடைந்திருந்ததால் அலுவலகத்தார் யாருக்கும் பிழை தெரியவில்லை. அப்படியே எழுது. நான் கையெழுத்துப் போடுறேன்."

தேர்வு அலுவலகத்தின் முடிவில் மேலாளர் கையெழுத்தோடு 'உடைந்திருந்தது' என்று எழுதப்பட்டுவிட்டால் கிடங்குக்காரர் என்ன செய்வார்? அஞ்சு கால் இருந்தும் பிரயோஜனம் இல்லை. அடுத்த வாரமே மேலாளருக்குப் புது நாற்காலி வந்தது. அது இறங்கவில்லை. அலுவலகத்தில் விடுப்பு கேட்பது மிகவும் கடினமாகிவிட்டது. பலர் கேள்விக்காரியை மன்னிக்கவில்லை.

பழைய நாற்காலியைக் கிடங்குக்காரர் தூக்கி எறியவில்லை. அஞ்சு காலும் இருக்கிற சாமானை எறிய அவருக்கு மனம் வராது. யாருக்காவது நாற்காலி இல்லையா என்று தேடியபோது, அடித்தளத்தில் புதிதாக வந்து சேர்ந்த ஒருத்திக்கு இல்லை என்று தெரிந்தது.

ஆகக் கேள்விக்காரி ஜன்னல் இல்லாத அறையில், ஒவ்வொரு பக்கத்தையும் உயரத்தில் ஆரம்பித்துத் தாழ்வில் முடித்துக்கொண்டிருந்தாள். கண் எரிந்தது. கணவன் வாங்கிக் கொடுத்த சொட்டு மருந்து மேசையில் இருந்தது.

சில மாதங்கள் கழித்து ஒருநாள் சராசரி படியிறங்கி வந்தார். தலை நனைந்திருந்தது. வெளியே மழை போலிருக்கிறது.

"பெரிய சார் அனுப்பினாரு. மாடியில நடக்குறது எதுவும் இப்போ உனக்குத் தெரியாதாமே?"

"எங்க சார் தெரியுது? மழையே உங்க தலையைப் பார்த்துத்தான் தெரியுது."

"அதான் வேணும். வெளியாளைக் கூப்பிட முடியாது, விதி. உள்ளாளுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு, தொல்லை. நீதான் உள்ள இருக்கிற வெளியாளாம். எழுதக் கூடாதுன்னுதானே விதி? படிக்கக் கூடாதுன்னு இல்லையே! இனிமே வாய்ப்பூட்டு மேசைக்குப் போறதுக்கு முன்னாடி எல்லாக் கேள்வியும் உன்கிட்ட வரும்." ஒரு தாளை நீட்டினார். "இது நானே எழுதினது. முதல் கேள்வி. சும்மா பாரு, தப்பு இருக்காது."

அவள் வாங்கிப் படித்தாள். நாற்காலி மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

"காவலாளி ஓட்டுநரைத் தடுத்து நிறுத்தினார், அவருடைய குடை காணாமல் போயிருந்தது" என்று சத்தமாகப் படித்தாள். "யாரோட குடை சார்?"

சராசரி சிரித்தார். "என்னம்மா, இதுகூடத் தெரியாதா? போன வாரம் மாடியில ஒரே அமளி. நம்ம காவலாளியோட குடையை..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். தாளை அவளிடமிருந்து வாங்கினார். மேசையில் இருந்த பென்சிலை எடுத்தார்.

கேள்விக்காரி எழுந்து பிடியை இழுத்து, மறுபடி உயரமாக உட்கார்ந்துகொண்டாள்.